நிலாவாரை ராத்திரி, விளக்கெண்ணெய் விடியக்காலம்

ஓசூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டது, அப்படியே போடறேன்:

"அண்ணா, நாட்டு மருந்து எல்லாமே குடல்ல இருக்கற பாக்டீரியா மூலமாத்தான் வேலை செய்யுதுன்னு ஒரு வீடியோல சொன்னாங்க. அப்படின்னா எதுக்கு சூரணம், கஷாயம்லாம்? நேரா ப்ரோபயாடிக் மாத்திரை போட்டா முடிஞ்சுதே? நீங்க மெடிக்கல் வச்சிருக்கீங்க, சொல்லுங்க."

ஜூன் 8, 2025, ஞாயிறு ராத்திரி

"எல்லாமே"னு சொல்றது தப்பு தம்பி. சிலது அப்படித்தான், சிலதுக்கு கிருமியோட சம்பந்தமே கிடையாது. இதுல எனக்கு முதல் பாடம் எடுத்தவங்க எங்க ஆயா. மாரண்டஅள்ளி பக்கம் ஒரு சின்ன ஊரு. ஆயாகிட்ட பேதிக்கு ரெண்டு மருந்து எப்பவும் இருக்கும். ஒண்ணு காய வச்ச நிலாவாரை இலை, இன்னொண்ணு வீட்லயே ஆமணக்கு முத்த வறுத்து இடிச்சு காய்ச்சி எடுத்த விளக்கெண்ணெய். நிலாவாரைய ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் குடுப்பாங்க, வெந்நீர்ல ஊற வச்சு வடிகட்டி. விளக்கெண்ணெய விடியக்காலம் வெறும் வயித்துல, சூடா காப்பியில ஊத்தி, மூக்க புடிச்சுக்கிட்டு குடினு. மாத்தி குடுத்து நான் பாத்ததே இல்ல. ஏன் ஆயா இது ராத்திரி அது காலைலனு கேட்டா "அது தூங்கி எந்திரிச்சுதான் வேலை செய்யும், இது ஒடனே செய்யும்"பாங்க. அவ்ளோதான் விளக்கம்.

டி.ஃபார்ம் படிக்கும்போதுதான் அது ஏன்னு புரிஞ்சுது. நிலாவாரைல இருக்கற சென்னோசைடு அப்படியே உள்ள போனா ஒண்ணும் பண்ணாது. வயித்து அமிலமும் அதை உடைக்காது, சிறுகுடலும் உறிஞ்சாது. அது நடந்து நடந்து பெருங்குடலுக்கு போய், அங்க இருக்கற பாக்டீரியாங்க அதுல ஒட்டியிருக்கற சர்க்கரைய வெட்டி எடுத்து வேற பொருளா மாத்தினாத்தான் அது பேதி மருந்து. அதுக்கு ஆறுல இருந்து பன்னெண்டு மணி நேரம் ஆகும். விளக்கெண்ணெய்க்கு கிருமி தேவையில்ல, கொழுப்பை செரிக்க நம்ம உடம்பே சுரக்கற என்சைமே அதை வெட்டிடும், அதுல வர்ற ரிசினோலிக் அமிலம் குடலை நேரா தள்ளும், ரெண்டு மணியில இருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள வேலை முடிஞ்சிடும். ஒரு மருந்துக்கு வயித்துக்குள்ள ஆள் வேணும், இன்னொண்ணுக்கு வேணாம். கிருமினு ஒரு வார்த்தை தெரியாமலே ஆயா அந்த ரெண்டையும் கடிகாரத்த வச்சு பிரிச்சு வச்சிருந்தாங்க.

நம்ம உடம்பு செல்ல விட பத்து மடங்கு கிருமி நம்ம மேலயும் உள்ளயும் இருக்கு, அதுல பெரும்பாலானது பெருங்குடல்ல. அவ்ளோ பேர் இருக்கற எடத்துல போடற மருந்து, அவங்க கைபடாம போகாது. ப்ரோபயாடிக் மாத்திரை, அதான் நல்ல கிருமிய உயிரோட அடைச்சு விக்கறது, அதை பத்தி அப்புறம் எழுதறேன், கடைய சாத்தணும்.

ஜூன் 9

நேத்து பத்து மடங்குனு எழுதினது பழைய கணக்கு, திருத்திக்கறேன். நானே கடைல எத்தனையோ பேர்கிட்ட அப்படி சொல்லியிருக்கேன். 2016ல திரும்ப கணக்கு போட்டு பாத்தாங்க. 70 கிலோ ஆள் ஒருத்தருக்கு மனுச செல் சுமாரா 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமாரா 38 லட்சம் கோடி. அதாவது கிட்டத்தட்ட சரிக்கு சரி, கொஞ்சம் அவங்க கூட. எடைனு பாத்தா மொத்த பாக்டீரியாவும் 200 கிராம்தான் வரும். பத்து மடங்குனு சொன்னாத்தான் ஆச்சரியமா இருக்கும்னு இல்ல, கால் கிலோ கூட இல்லாத ஒண்ணு இவ்ளோ வேலை பாக்குதுங்கறதே எனக்கு பெரிய ஆச்சரியம்.

ஜூன் 11

பர்கூர்ல இருந்து ஒரு அக்கா ஆவாரம்பூ டீ குடிக்கறேன், பேதியாகலையேனு கேட்டிருக்காங்க. அக்கா, ஆவாரை வேற, நிலாவாரை வேற. நம்ம ரோட்டோரம் மஞ்சளா பூத்து நிக்குதே, பொங்கலுக்கு காப்பு கட்டறோமே, அது ஆவாரை. நிலாவாரை சின்ன செடி, திருநெல்வேலி பக்கம் வயல்ல பயிரா போட்டு வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பறாங்க. ரெண்டும் ஒரே குடும்பம்தான் ஆனா வேலை வேற. இன்னொண்ணு, நிலாவாரை பொடிய தினமும் போடாதீங்க யாரும். மாசக்கணக்குல எடுத்தா குடல் அது இல்லாம நகராம போயிடும்னு பயம், உடம்புல பொட்டாசியமும் குறையும். மாசமா இருக்கறவங்க டாக்டரை கேக்காம தொடவே வேணாம்.

ஜூன் 15, ஞாயிறு

இன்னிக்கு எழுதறது கொஞ்சம் கஷ்டமான விஷயம். எங்க அப்பாவுக்கு இதயம் தாறுமாறா துடிக்கற பிரச்சனை, டிஜாக்சின் மாத்திரை எடுத்துக்கிட்டு இருந்தார். சின்ன மாத்திரை, 0.25 மில்லிகிராம். 2011ல ஒரு மழைக்காலம், இருமல் விடாம இருந்துச்சு, பக்கத்து டவுன்ல ஒரு கிளினிக்குல காட்டினோம், கிளாரித்ரோமைசின் எழுதினாங்க. சீட்டு என் கடைக்குத்தான் வந்துச்சு. நானே என் கையால எடுத்து குடுத்தேன். நாலாம் நாள் அப்பா சோறு வேணாம்னார், வாந்தி, அப்புறம் "ஏன்டா லைட்டெல்லாம் மஞ்சளா எரியுது"னு கேட்டார். அந்த மஞ்சள்ங்கற வார்த்தை கேட்டதும் எனக்கு கை நடுங்கிடுச்சு, டிஜாக்சின் அதிகமானா அப்படி தெரியும்னு படிச்சிருக்கேன். ஓடி தர்மபுரிக்கு கூட்டிட்டு போய் ரத்தத்துல அளவு பாத்தா எக்கச்சக்கம். மாத்திரைய நிறுத்தி, அட்மிட் பண்ணி பாத்தாங்க, அப்பா தேறி வந்தார், அதுக்கப்புறம் எட்டு வருஷம் இருந்தார். 

ஏன் இதை இங்க சொல்றேன்னா, டிஜாக்சினும் ஒரு பாட்டி வைத்தியத்துல இருந்து வந்ததுதான். இங்கிலாந்துல ஷ்ரோப்ஷயர்னு ஒரு பகுதி, அங்க ஒரு வயசான அம்மா உடம்பு வீக்கத்துக்கு குடுத்துக்கிட்டு இருந்த மூலிகை கலவைய பாத்துட்டு, வில்லியம் விதரிங்னு ஒரு டாக்டர் அதுல வேலை செய்யறது டிஜிட்டாலிஸ் இலைதான்னு கண்டுபுடிச்சு 1785ல எழுதினார். அந்த வகை செடில இருந்துதான் இந்த மாத்திரை. இருநூறு வருஷம் கழிச்சு 1980கள்லதான் இன்னொண்ணு தெரிஞ்சுது, பத்துல ஒருத்தருக்கு குடல்ல இருக்கற எக்கர்தெல்லா லென்டானு ஒரு பாக்டீரியா இந்த மருந்துல பெரும்பங்க செயலிழக்க வச்சிடுது. அவங்களுக்கு டாக்டர் டோஸ கூட்டி வச்சிருப்பார். ஆன்டிபயாடிக் குடுத்து அந்த கிருமி செத்தா, அதே டோஸ் திடீர்னு விஷம்.

அப்ப மருந்து இலையில மட்டும் இல்ல. பாதி, சாப்பிடறவர் வயித்துல இருக்கு. எங்க அப்பாவ பாத்து நான் தெரிஞ்சுக்கிட்டது அது.

ஜூன் 16

நேத்து எழுதினத காலைல திரும்ப படிச்சேன். ஒரு பக்கமா எழுதிட்டேன். கிளாரித்ரோமைசின் டிஜாக்சின ஏத்தறதுக்கு கிருமி சாவு மட்டும் காரணம் இல்ல. குடல் செவுத்துலயும் கிட்னிலயும் மருந்த வெளிய தள்ளற ஒரு பம்ப் இருக்கு, பி-கிளைகோப்ரோட்டீன்னு பேரு, அதை இந்த ஆன்டிபயாடிக் அடைச்சிடும். பெரும்பங்கு அதுதான். எங்க அப்பா விஷயத்துல எது எவ்ளோனு யாரும் அளந்து பாக்கல. நான் எனக்கு புடிச்ச காரணத்த தூக்கி முன்னாடி வச்சிட்டேன். டிஜாக்சின் எடுக்கறவங்க வீட்ல இருந்தா, எந்த ஆன்டிபயாடிக் எழுதினாலும் "இதயத்துக்கு இந்த மாத்திரை ஓடுது"னு வாய விட்டு சொல்லுங்க, அது போதும்.

ஜூன் 22, ஞாயிறு

மாம்பழ சீசன் முடியற நேரம், கிருஷ்ணகிரி ரோட்டுல கூழ் ஃபேக்டரிக்கு லாரி வரிசையா நிக்குது, போய்ட்டு வரவே ரெண்டு மணி நேரம் ஆச்சு. லாரிக்கு பின்னாடி நின்னுக்கிட்டே யோசிச்சது இது.

நம்ம பக்கத்துல யாராச்சும் நாட்டு மருந்து வேலை செய்யலனு சொன்னா நான் முதல்ல கேக்கற கேள்வி, பத்தியம் இருந்தீங்களா? யாரும் இருக்கறதில்ல. கடுக்காய் சூரணம் டப்பால வாங்கறாங்க, ராத்திரி ஒரு ஸ்பூன் வெந்நீர்ல போடறாங்க, கூடவே பரோட்டாவும் சால்னாவும். ஆயா காலத்துல மருந்து ஒரு பங்குனா பத்தியம் மூணு பங்கு. நிலாவாரை குடிச்ச மறுநாள் மோர் சோறு மட்டும். அதுக்கு அடுத்த நாள் ரசம் சோறு. மூணாம் நாள்தான் கீரை மசியல், கொள்ளு ரசம். புளி கிடையாது, கத்திரிக்காய் கிடையாது, கறி ஒரு வாரத்துக்கு பேச்சே கிடையாது. நாங்க பசங்க அழுவோம். மருந்த விட பத்தியம்தான் கொடுமை.

இப்ப கடுக்காயவே எடுத்துக்குங்க. அதோட துவர்ப்புக்கு காரணமான எலாஜிடானின்னு ஒரு வகை பொருள், நெல்லிக்காய்லயும் மாதுளை தோல்லயும் கூட இருக்கு. அதுவும் நேரா ரத்தத்துல ஏறாது. குடல் பாக்டீரியா அதை படிப்படியா வெட்டி யூரோலித்தின்னு ஒண்ணா மாத்துது, அதுதான் உடம்புக்குள்ள போகும். எல்லார் குடலும் இத செய்யாது. சிலருக்கு ஒரு வகை யூரோலித்தின் வரும், சிலருக்கு வேற வகை, சிலருக்கு வரவே வராது. ஒரே மரத்து கடுக்காய், ஒரே டப்பா, ஒரே ஸ்பூன், மூணு பேருக்கு மூணு விதம். கடைக்கு வர்றவங்க "பக்கத்து வீட்டுக்காரருக்கு கேட்டுச்சு, எனக்கு கேக்கல, டூப்ளிகேட் குடுத்துட்டியா"னு சண்டைக்கு வருவாங்க. டூப்ளிகேட் இல்லக்கா, உங்க வயித்துல அந்த வேலைக்காரங்க இல்லாம இருக்கலாம்.

பத்தியம் அங்கதான் வருதுனு நான் நினைக்கறேன். 2014ல அமெரிக்காவுல ஒரு சோதனை பண்ணாங்க, கொஞ்ச பேர அஞ்சு நாளைக்கு முழுக்க கறி முட்டை பாலாடைக்கட்டினு சாப்பிட வச்சு, இன்னொரு தடவை முழுக்க தானியம் பருப்பு காய்னு சாப்பிட வச்சு பாத்தா, ரெண்டு மூணு நாள்லயே குடல்ல இருக்கற கிருமி கூட்டம் மாறிடுச்சு. அஞ்சு நாள் போதும். நம்ம பத்தியம் மூணு நாள், ஏழு நாள், ஒரு மண்டலம்னு போகும். சோறு மாறினா வயித்துல இருக்கற ஆளுங்க மாறுவாங்க, ஆளுங்க மாறினா மருந்து வேலை செய்யற விதம் மாறும்.

நாம சூரணத்த மட்டும் டப்பால அடைச்சு வித்துக்கிட்டு பத்தியத்த தூக்கி போட்டுட்டோம். எனக்கு இதுதான் ரொம்ப நாளா மனசுல அறுத்துக்கிட்டு இருக்கு. நானும் விக்கறவன்தான்.

ஜூன் 23

கீழ கமெண்ட்ல ஒருத்தர் "பாத்தீங்களா, நம்ம சித்தர்களுக்கு அப்பவே பாக்டீரியா தெரிஞ்சிருக்கு"னு எழுதியிருக்கார். இல்ல சார். நான் அப்படி சொல்லவே இல்ல. அவங்க கணக்கு வாதம், பித்தம், ஐயம்ங்கற கபம். பத்தியமும் அந்த கணக்குலதான் எழுதினது. அவங்களுக்கு தெரிஞ்சது என்னன்னா, இதை சாப்பிட்டா இப்படி ஆகுது, அதை சேத்தா அப்படி ஆகுதுனு தலைமுறை தலைமுறையா கண்ணால பாத்து வச்சது. அதுவே எவ்ளோ பெருசு. அதுக்கு மேல ஒரு மைக்ரோஸ்கோப்ப அவங்க கையில நாம குடுக்கணும்னு அவசியம் இல்ல. சுக்குக்கு புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சுனு தோலையும் கொட்டையையும் தனியா எடுக்க சொன்னாங்களே, அந்த மாதிரி கவனிப்புக்கு நான் கையெடுத்து கும்பிடறேன். தெரியாதத தெரிஞ்சதா சொன்னா அந்த கவனிப்புக்கே மரியாதை இல்லாம போயிடும்.

ஜூன் 29, ஞாயிறு

வயித்துப்போக்குக்கு கஞ்சி குடுக்கலாமா கூடாதானு பாலக்கோட்டுலயே ஒரு தங்கச்சி கேட்டுச்சு. இதுக்கு பதில் நம்ம பக்கத்துலயே இருக்கு, கிருஷ்ணகிரில இருந்து பஸ் ஏறினா ரெண்டரை மணி நேரம், வேலூர் சி.எம்.சி ஆஸ்பத்திரி.

ஆயா வயித்துப்போக்குனா அரிசிய பொரிச்சு, குருணையா இடிச்சு, உப்பு போட்டு கஞ்சி வைப்பாங்க. ஆறவிட்டுத்தான் குடுப்பாங்க. நான் பி.எச்.சி-ல, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துல, ட்ரைனிங் இருந்தப்போ அங்க ஓ.ஆர்.எஸ்னு தண்ணில கரைச்சு குடிக்கற உப்பு சர்க்கரை பொட்டலம், வீட்ல கஞ்சி, எது சரினு எனக்கே குழப்பம். அப்புறம் 2000ல வேலூர்ல நடந்த ஒரு ஆராய்ச்சிய பத்தி படிச்சேன். காலரா வந்த 48 பேரை மூணா பிரிச்சாங்க. ஒரு பங்குக்கு சாதா ஓ.ஆர்.எஸ், ஒரு பங்குக்கு அதோட அரிசி மாவு, இன்னொரு பங்குக்கு அதோட சுலபமா செரிக்காத ஒரு வகை மக்காச்சோள மாவு, லிட்டருக்கு 50 கிராம். சாதா ஓ.ஆர்.எஸ் குடிச்சவங்களுக்கு பேதி நிக்க சராசரியா 90 மணி நேரம் ஆச்சு, செரிக்காத மாவு சேத்தவங்களுக்கு 57 மணி நேரம். அரிசி மாவு ரெண்டுக்கும் நடுவுல.

செரிக்காத மாவு எப்படி பேதிய நிறுத்தும்? சிறுகுடல் அதை விட்டுடும், பெருங்குடலுக்கு போகும், அங்க நம்ம கிருமிங்க அதை புளிக்க வச்சு குட்டி குட்டி கொழுப்பு அமிலமா மாத்தும், அந்த அமிலத்த பெருங்குடல் உறிஞ்சும்போது கூடவே உப்பையும் தண்ணியையும் இழுத்துக்கும். வெளிய போக வேண்டிய தண்ணி உள்ள திரும்புது. ஓ.ஆர்.எஸ் சிறுகுடல்ல வேலை செய்யுது, இது பெருங்குடல்ல, ரெண்டு கதவையும் தொறந்த மாதிரி. இத படிச்சப்போ எனக்கு ஒடம்பு சிலிர்த்துச்சு. ஆயா கஞ்சிய ஆற விட்டதுலயும் விஷயம் இருக்கலாம், சோறோ களியோ ஆறினா அதுல இருக்கற மாவுல ஒரு பங்கு இறுகி சுலபமா செரிக்காத வகையா மாறிடும்.

ஜூன் 30

கஞ்சி பத்தி எழுதினத பாத்துட்டு ஓ.ஆர்.எஸ் வேணாம்னு யாரும் முடிவு பண்ணிடாதீங்க. அந்த ஆராய்ச்சில மூணு பங்குக்கும் ஓ.ஆர்.எஸ் உண்டு, மாவு அதுக்கு மேல. குழந்தைக்கு பேதினா ஓ.ஆர்.எஸ், கூட டாக்டர் சொல்ற ஜிங்க், தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண்ணு உள்ள போச்சு, ஒண்ணுக்கு போகல, துவண்டு கிடக்குதுனா வண்டிய எடுங்க, அடுப்ப பத்த வைக்காதீங்க.

ஜூலை 6

கொஞ்சம் வேற பக்கம் போறேன். பென்னாகரத்துல இருந்து ஒருத்தர் கேட்டது, வேப்பங்குச்சில விளக்கினா பல்லு பழுப்பு போகுமானு. நம்ம தர்மபுரி மாவட்டத்து பல்லு பழுப்புக்கு கிருமி காரணம் இல்லீங்க, போர் தண்ணில இருக்கற ஃப்ளோரைடு. சின்ன வயசுல பல்லு வளரும்போதே உள்ள ஏறின கறை, குச்சியும் தேய்க்காது பேஸ்டும் தேய்க்காது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தப்புறம் பொறந்த பசங்க பல்லு வெள்ளையா இருக்கறத நானே பாக்கறேன், சந்தோஷமா இருக்கு. ஆனா வாய்ல இருக்கற கிருமி பத்தி ஒண்ணு சொல்லணும். கீரைல நைட்ரேட் இருக்கு, அதை நாக்கு மேல இருக்கற பாக்டீரியாதான் நைட்ரைட்டா மாத்தும், அது உள்ள போய் ரத்தக்குழாய கொஞ்சம் தளர்த்தும், பிரஷர் குறையும். கடுமையான மவுத்வாஷ் தினமும் போட்டா இந்த பாக்டீரியா போயிடும். பிரஷர்காரங்க டாக்டர் சொல்லாம வேளாவேளைக்கு மவுத்வாஷ் கொப்பளிக்கறத நான் கடைலயே தடுப்பேன்.

ஜூலை 13, ஞாயிறு

தங்கச்சிக்கு குழந்தை பொறந்து பதினாறு நாள். அம்மாவுக்கும் எனக்கும் நேத்து பெரிய வாக்குவாதம். அம்மா உரை மருந்து ரெடி பண்ணிட்டாங்க. வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு எல்லாத்தையும் வேக வச்சு காய வச்சு, உரைகல்லுல தாய்ப்பால் விட்டு உரைச்சு நாக்குல தடவ. நான் வேணாம்னு கைய புடிச்சேன். "உன்ன இதாலதான்டா வளத்தேன், நீ என்ன செத்தா போயிட்ட"னு கேட்டுட்டாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது.

என் பக்க நியாயத்த இங்க எழுதறேன். வசம்புல பீட்டா அசரோன்னு ஒண்ணு இருக்கு, அதனால அமெரிக்காவுல 1968லயே அதை சாப்பாட்டு பொருள்ல சேக்க தடை. இது ஒரு காரணம். எனக்கு அதை விட பெருசா படறது வேற. தாய்ப்பால்ல ஒலிகோசாக்கரைடுனு ஒரு வகை சர்க்கரை, 200 விதத்துக்கு மேல கண்டுபுடிச்சிருக்காங்க. பால்ல இருக்கற கெட்டிப் பொருள்ல லாக்டோஸ், கொழுப்புக்கு அடுத்து மூணாவது எடம் அதுக்குத்தான். ஆனா குழந்தையால அதை செரிக்கவே முடியாது! அப்ப எதுக்கு அம்மா உடம்பு இவ்ளோ கஷ்டப்பட்டு அதை செஞ்சு குடுக்குது? குழந்தை குடல்ல இருக்கற பிஃபிடோ பாக்டீரியாவுக்கு. அம்மா பால் ரெண்டு பேருக்கு பரிமாறுது, குழந்தைக்கும், குழந்தைக்குள்ள குடியேற வந்திருக்கற கிருமிக்கும். அந்த கிருமி நல்லா பெருகினா கெட்டது உள்ள எடம் புடிக்க முடியாது. அந்த குடித்தனம் செட்டில் ஆகற நேரத்துல நாம சர்க்கரை தண்ணியும், உரை மருந்தும், தெருவுல கூவி விக்கற கழுதைப்பாலும், கழுவாத வெரலும் நடுவுல நீட்டறோம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்னு சொல்றது இதுக்குத்தான். பாட்டி வைத்தியத்துலயே பெரிய மருந்து தாய்ப்பால்தான்னு அம்மாகிட்ட சொன்னேன்.

ஜூலை 14

அம்மா கல்லை கழுவி பரண்ல வச்சிட்டாங்க. பேசல. ஆனா சாயங்காலம் தங்கச்சிக்கு பூண்டும் கருப்பட்டியும் போட்டு கஞ்சி வச்சு குடுத்து "பால் ஊறட்டும், அவன் சொல்ற கிருமிக்கும் சேத்து"னு சொன்னாங்களாம். தங்கச்சி சிரிச்சுக்கிட்டே போன் பண்ணுச்சு.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பொறந்தாச்சு, மாரியம்மன் கோயில் எல்லாம் கூழ் ஊத்தறாங்க. சரியான நேரத்துல ஒரு காலேஜ் பையன் சரியான கேள்வி கேட்டிருக்கான்: "கூழ் புளிக்க வச்சு செய்யறதால ப்ரோபயாடிக்னு சொல்றாங்க, ஆனா அடுப்புல ஒரு மணி நேரம் கொதிக்குதே, கிருமி எல்லாம் செத்துடாதா?"

செத்துடும் தம்பி. ராகி மாவ முந்தின நாளே கரைச்சு புளிக்க வைக்கறோம், அப்ப வளர்ற கிருமி கொதியில போயிடும். ஆனா புளிப்பு சும்மா போகல, ராகில இருக்கற கால்சியத்தயும் இரும்பையும் புடிச்சு வச்சிருக்கற ஃபைட்டேட் அந்த புளிப்புலதான் குறையுது. நூறு கிராம் ராகில 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, இருந்தா மட்டும் போதுமா, உடம்புல சேரணுமே. அப்புறம் நொய் போட்டு காய்ச்சி இறக்கினத அன்னிக்கே யார் வீட்லயும் குடிக்கறதில்ல, ராத்திரி ஆற விட்டு மறுநாள் தண்ணியும் மோரும் ஊத்தி கரைக்கறோம். அந்த ராத்திரில ரெண்டாவது தடவை புளிக்குது, மோர்ல இருந்தும் உயிருள்ள கிருமி சேருது. அதனால குடிக்கற கூழ்ல உயிர் இருக்கு. ஆறின மாவு வேற இருக்கு, அது நம்ம உள்ளூர் கிருமிக்கு சாப்பாடு. எனக்கு இப்பல்லாம் ரெண்டாவதுதான் முக்கியமா தோணுது, வெளிய இருந்து விருந்தாளிய கூட்டிட்டு வர்றத விட வீட்ல இருக்கறவங்களுக்கு சோறு போடறது.

2023ல இருந்து நம்ம மாவட்டத்து ரேஷன்ல அரிசிக்கு பதிலா ரெண்டு கிலோ ராகி குடுக்கறாங்க. நிறைய வீட்ல வாங்கி மாட்டுக்கு வைக்கறாங்க. வயிறு எரியுது. களி கிண்ட தெரியலனா கூழ் காய்ச்சுங்க, அதுவும் முடியலனா அடை தட்டுங்க.

ஜூலை 27, ஞாயிறு

சரி, முதல் கேள்விக்கு வர்றேன், ப்ரோபயாடிக் மாத்திரை. அஞ்சு வருஷம் முன்னாடி எனக்கு பல்லு வேர்ல சீழ், ஆன்டிபயாடிக் ரெண்டு கோர்ஸ் ஓடுச்சு. பல்லு சரியாச்சு, வயிறு போச்சு. ஒரு மாசம் காலைல மூணு நாலு தடவை. கடைல இருக்கற விலை கூடின ப்ரோபயாடிக் கேப்சூல் எல்லாம் போட்டேன். போடப்போட சரியாகற மாதிரியும் இருந்துச்சு, ஆகாத மாதிரியும் இருந்துச்சு. அப்புறமாத்தான் 2018ல இஸ்ரேல்ல வைஸ்மான் நிறுவனத்துல பண்ண ஒரு சோதனைய படிச்சேன். 21 பேருக்கு ஆன்டிபயாடிக் குடுத்துட்டு, ஒரு பங்க சும்மா விட்டாங்க, ஒரு பங்குக்கு 11 வகை ப்ரோபயாடிக், இன்னொரு பங்குக்கு ஆன்டிபயாடிக்குக்கு முன்னாடி எடுத்து வச்ச அவங்களோட சொந்த மலத்துல இருந்த கிருமியவே திரும்ப உள்ள விட்டாங்க. சொந்த கிருமி வாங்கினவங்க சில நாள்ல பழைய நிலைக்கு வந்துட்டாங்க. சும்மா விட்டவங்க மெதுவா வந்தாங்க. ப்ரோபயாடிக் எடுத்தவங்கதான் கடைசி, மாசக்கணக்குல பழைய கூட்டம் திரும்பவே இல்ல. வந்த விருந்தாளி வீட்டுக்காரனுக்கு எடம் விடல.

அதுக்காக மாத்திரையே வேணாம்னு சொல்ல மாட்டேன். சாக்கரோமைசிஸ் பௌலார்டினு ஒரு ஈஸ்ட், பொட்டலமா வரும், ஆன்டிபயாடிக்கால வர்ற பேதிக்கு டாக்டருங்க எழுதுவாங்க, அது ஈஸ்ட்ங்கறதால ஆன்டிபயாடிக் அதை கொல்லாது. அதோட கதை அழகு. 1920கள்ல ஹென்றி பௌலார்டுனு ஒரு பிரெஞ்சுக்காரர் வியட்நாம் பக்கம் இருந்தப்போ காலரா வந்துச்சு, ஊர்க்காரங்க சிலர் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல வேக வச்சு குடிச்சு தப்பிக்கறத பாத்தார், அந்த தோல்ல இருந்து பிரிச்சு எடுத்ததுதான் இந்த ஈஸ்ட். நம்ம கடை ஷெல்ஃப்ல இருக்கற மாடர்ன் பொட்டலமும் யாரோ ஒரு பாட்டி போட்ட கஷாயத்துலதான் ஆரம்பிச்சிருக்கு.

ஆக தம்பி, எந்த நோய்க்கு எந்த வகைனு டாக்டர் எழுதினா வாங்கு. "வயித்துக்கு நல்லதாம்"னு சும்மா வாங்காத. அதை விட முக்கியம், சளிக்கு ரெண்டு அசித்ரோமைசின் குடுனு கவுண்டர்ல கேக்காத. 2014ல இருந்து பல ஆன்டிபயாடிக்குக்கு நாங்க தனி ரெஜிஸ்டர்ல டாக்டர் பேர், நோயாளி பேர் எல்லாம் எழுதணும். சட்டத்துக்கு பயந்து எழுதறவங்க உண்டு. நான் எங்க அப்பாவ நினைச்சுக்கிட்டு எழுதறேன்.

ஆகஸ்ட் 4

நேத்து ஆடிப்பெருக்கு, ஒகேனக்கல்ல கால் வைக்க எடமில்ல. அத்தை வந்திருந்தாங்க, ஆயாவோட கடைசி பொண்ணு, சித்தேரி மலை அடிவாரத்துல கட்டிக் குடுத்தது, எழுபத்தாறு வயசு. ஆயா குடுத்த பத்தியம் எல்லாத்தையும் சொல்லுங்க அத்தைனு ஒரு நோட்ட எடுத்துக்கிட்டு உக்காந்தேன். நிலாவாரைக்கு மோர் சோறு, அது எனக்கு தெரியும். ஆனா அத்தை சொன்னாங்க, அவங்க பக்கத்துல நெல்லு சோறே இல்லாத காலத்துல அது சாமை சோறு, அதுவும் முந்தின ராத்திரி வடிச்சு தண்ணி ஊத்தி வச்சது, அதுலதான் மோர் ஊத்தணுமாம். சுடுசோத்துல மோர் ஊத்தினா ஆயா தட்ட புடுங்கிடுவாங்களாம். நான் சின்ன வயசுல தர்மபுரில வளந்ததால சுடுசோறுதான் பாத்திருக்கேன், அசல் இதுனு இத்தனை வருஷம் தெரியல. ஜூன் 22ல நான் எழுதினதுல "மோர் சோறு"னு இருக்கறத "பழைய சாமை சோறும் மோரும்"னு திருத்தி படிங்க.

கடுக்காய்க்கு என்ன பத்தியம்னு கேட்டேன், "அதுக்கு ஒங்க ஆயா வேற வச்சிருந்தா, யோசிச்சு சொல்றேன்"னுட்டு தூங்கிட்டாங்க. காலைல முதல் பஸ்ஸுக்கு கெளம்பிட்டாங்க. அடுத்த ஞாயிறு அரூர் போய் அங்கருந்து சித்தேரிக்கு ஏறப்போறேன். உங்க வீட்ல பேதி மருந்துக்கு மறுநாள் முதல் சாப்பாடு என்ன குடுத்தாங்க, சூடாவா ஆறினதா, எந்த தானியம், உங்க ஊர் பேரோட எழுதுங்க. நோட்டுல இன்னும் நிறைய பக்கம் காலியா இருக்கு.